சாமானியர் இருக்கை

நெடுங்கரை நாட்டில் மழை குறைவு, அறிஞர்கள் அதிகம். நாட்டின் வடகோடியில் கல் உடைப்பவர்கள் வாழ்ந்தார்கள். தலைநகரில் பல்கலைக்கழகம் இருந்தது. பல்கலைக்கழகத்தின் சுவர்கள் வடகோடிக் கல்லால் கட்டப்பட்டவை என்பதைத் தவிர இரண்டுக்கும் நெடுங்காலம் தொடர்பு எதுவும் இல்லை.

முந்தைய மன்னரின் காலத்தில் ஒரு தொடர்பு ஏற்பட்டது. கண்ணுக்குக் குளிர்ச்சி தரும் சொட்டுமருந்து ஒன்றைக் கண்டுபிடித்த பேராசிரியர், கல் உடைப்பவர்கள் சிலரை வரிசையில் நிறுத்தி, என்ன ஏது என்று சொல்லாமல் கண்ணில் விட்டுப் பார்த்தார். அவர்களில் பெரும்பாலோருக்குப் பார்வை போயிற்று. நடந்ததை அவர் நேர்மையாக எழுதி அண்டை நாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். அங்கிருந்து ஒரே ஒரு வரி பதில் வந்தது: "அவர்களைக் கேட்டீர்களா?"

அரண்மனைக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கம் கண் போனதற்கா, அது அண்டை நாட்டுக்குத் தெரிந்ததற்கா என்று அக்காலத்து அரசவைக் குறிப்புகள் பிரித்துச் சொல்லவில்லை.

புதிய மன்னர் பட்டத்துக்கு வந்ததும் நன்னெறி மன்றம் என்று ஒன்றை நிறுவினார். இனி எந்த மனிதரையும் கேட்காமல் ஆய்வு செய்யக் கூடாது என்பது சட்டம். கேட்பதற்கு நெடுங்கரையில் ஏற்கனவே ஒரு வழக்கம் இருந்தது. பெண் கொடுப்பதானாலும் மாடு விற்பதானாலும் ஒருவர் வெற்றிலை நீட்டுவார், மற்றவர் வாங்கி மெல்லுவார். மென்றுவிட்டால் சம்மதம். அதையே சட்டமாக்கினார்கள். ஆய்வாளர் விளக்கிச் சொல்லி வெற்றிலை நீட்ட வேண்டும். ஆய்வுக்கு உட்படுபவர் தன் கையால் வாங்கி மெல்ல வேண்டும். ஒவ்வோர் ஆய்வையும் மன்றம் முன்கூட்டியே ஆராய்ந்து அனுமதிக்க வேண்டும்.

மன்றத்தில் ஐந்து அறிஞர்கள், ஒரு சாமானியர். "அறிஞர்கள் மட்டுமே இருந்தால், அறிஞர்களுக்கு ஏற்றபடி தீர்ப்புச் சொல்வதாக உலகம் நினைக்கும்" என்று மன்றத் தலைவர் மெய்கண்டநாதர் அரசவையில் விளக்கினார். சாமானியர் எவ்வளவு சாமானியராக இருக்க வேண்டும் என்ற விவாதம் ஒரு பருவம் முழுக்க நடந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஆகாது என்றார் ஒருவர். கேள்வி கேட்கும் பழக்கம் உள்ளவரும் ஆகாது என்றார் இன்னொருவர். கடைசியில் மன்றச் செயலர் பூவராகர் அரண்மனை வாசலுக்குப் போய், அங்கே வறுகடலை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கைதட்டி அழைத்தார். எதற்கு என்று கேட்காமல் அவள் எழுந்து வந்தாள். அங்கேயே தேர்வு முடிந்துவிட்டது.

அவள் பெயர் நாச்சாயி. வடகோடியில் ஓடைப்பட்டி என்ற கல் உடைப்பவர் ஊரில் பிறந்தவள். கணவன் இறந்தபின் பிழைக்கத் தலைநகருக்கு வந்தவள். மன்றத்தில் அவளுக்கு ஒரு மெத்தை போட்ட இருக்கை கொடுத்தார்கள், சரிகைக் கரை வைத்த ஒரு சால்வை போர்த்தினார்கள். இருக்கை உயரமானது. அவள் கால் தரையைத் தொடவில்லை.

"அம்மா, எல்லாரும் கை தூக்கும்போது நீங்களும் தூக்கணும். வேலை அவ்வளவுதான்" என்றார் பூவராகர்.

"தூக்காட்டி என்ன சாமி ஆகும்?"

"காபி ஆறிப்போகும்."

எல்லாரும் சிரித்தார்கள். நாச்சாயியும் சிரித்தாள். வெள்ளி டம்ளரில் வந்த காபியில் பாலேடு மிதந்தது. மற்றவர்கள் கை தூக்கி ஒரு நொடி கழித்து அவள் கை உயரும். அந்த ஒரு நொடியை அறிஞர்கள் பெரிதும் மதித்தார்கள். சாமானியர் யோசிக்கிறார் என்பதற்கு அது அடையாளம் என்று அண்டை நாட்டுக்கு எழுதினார்கள்.

திருவிழாவுக்குச் சால்வையோடு ஓடைப்பட்டிக்குப் போனபோது, அவளை ஒருநாளும் ஏறெடுத்துப் பார்க்காதவர்கள் எழுந்து நின்றார்கள். "மன்றத்தம்மா வந்துட்டாக" என்றார்கள். தங்கை செவந்தி மட்டும் சால்வையைப் பிடித்து முகத்தில் உரசிப் பார்த்துவிட்டு, "இதப் போத்திக்கிட்டு அங்க என்னக்கா பண்ணுவ?" என்று கேட்டாள். "நல்லது கெட்டது பாத்துச் சொல்லுவோம்" என்றாள் நாச்சாயி. சொன்னபோது அவளுக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை.

அந்த ஆண்டு மழை வழக்கத்தைவிடக் குறைந்தது. களஞ்சியத்தில் நெல் இருந்தது, ஆனால் அது அண்டை நாட்டுக்கு விற்பதாக ஒப்புக்கொண்ட நெல். எனவே மன்னரின் கவலை நெல்லைப் பற்றியதாக இல்லாமல் பசியைப் பற்றியதாக இருந்தது. இதை உணர்ந்த பேராசிரியர் தண்ணளியார் பசியாற்றி என்ற கஷாயத்தைக் காய்ச்சினார். காலையில் ஒரு குவளை குடித்தால் அன்று முழுவதும் பசிக்காது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் அவை தானியத்தின்மேலேயே படுத்து அமைதியாக உறங்கின. இனி மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆய்வுத் திட்டத்தோடு அவர் மன்றத்துக்கு வந்தார்.

"ஆபத்து எவ்வளவு?" என்று கேட்டார் மெய்கண்டநாதர். அவர் கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

"மிகக் குறைவு, ஐயா. ஒருவர் அன்றாட வாழ்வில் எதிர்கொள்ளும் இன்னலைவிட அதிகமில்லாத இன்னலை 'மிகக் குறைவு' என்று நம் விதி வரையறுக்கிறது. ஆகவேதான் ஓடைப்பட்டியைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே அன்றாடமே அரைப்பட்டினி."

"பொருத்தமான தேர்வு" என்றார் ஓர் அறிஞர். "இதையே அரண்மனைத் தெருவில் செய்தால் ஆபத்து மிக அதிகமாகிவிடும்."

"பாலூட்டும் தாய்மாரை விலக்கலாமா?" என்று இளைய அறிஞர் ஒருவர் கேட்டார்.

"விலக்கினால் அது அநீதி அல்லவா? அறிவியலின் பயன் எல்லாருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டாமா?" என்றார் தண்ணளியார்.

"குழந்தைகளுக்கு?"

"குழந்தை வெற்றிலை மெல்லாது. ஆகவே அது ஆய்வில் இல்லை."

இளைய அறிஞர் திருப்தியடைந்தார். அடுத்து, ஆசை காட்டுதல் என்ற பொருள் விவாதிக்கப்பட்டது. ஓடைப்பட்டிக்கு அரசு மாதந்தோறும் கொஞ்சம் அரிசி கொடுத்துவந்தது. அரிசி கொடுக்கும் அரசே ஆய்வுக்கும் அழைத்தால், அரிசிக்காகத்தான் சம்மதித்தார்கள் என்று நாளைக்கு உலகம் சொல்லாதா? சம்மதம் தூய்மையாக இருக்க வேண்டுமானால் ஆய்வு முடியும்வரை அரிசியை நிறுத்துவதே நெறி என்று மன்றம் முடிவு செய்தது.

மெய்கண்டநாதர் நாச்சாயியின் பக்கம் திரும்பினார். "உங்கள் ஊர்தானே, அம்மா? என்ன சொல்கிறீர்கள்?"

நாச்சாயிக்கு விஷயம் விளங்கியிருந்தது. நீண்ட சொற்கள் விளங்கவில்லை. அரிசி நிற்கப்போகிறது என்பது விளங்கியது. ஐந்து பேரும் அவளையே அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். காபி வந்துகொண்டிருந்தது.

"ஐயாமாரு சொன்னாச் சரிதானுங்க" என்றாள். அவள் கை உயர்ந்தது. அன்று அந்த ஒரு நொடித் தாமதம்கூட இல்லை என்று பிறகு சிலர் நினைவுகூர்ந்தார்கள். 'ஊர் மக்கள் கலந்தாலோசிக்கப்பட்டனர்' என்று பூவராகர் குறித்துக்கொண்டார்.

ஓடைப்பட்டிக் குன்றின் அடியில் பந்தல் போடாமல் வெற்றிலைத் தட்டு வைக்கப்பட்டது. பந்தலும் ஓர் ஆசை காட்டுதல் அல்லவா. ஆய்வின் நோக்கம், முறை, பயன், உரிமை ஆகியவற்றைத் தண்ணளியாரின் உதவியாளர் செந்தமிழில் வெயில் ஏறும்வரை வாசித்தார். வெற்றிலை வாங்காமல் சிலர் பின்வாங்கினார்கள். இதை மன்றம் முன்பே எதிர்பார்த்திருந்தது. மறுப்பவர் விளக்கத்தைப் புரிந்துகொள்ளாதவர், புரியாதவருக்கு மறுபடி விளக்குவது ஆய்வாளரின் கடமை என்று விதி இருந்தது. மறுத்தவர்களை வெயிலில் உட்காரவைத்து மறுபடி வாசித்தார்கள். மாலைக்குள் எல்லாரும் புரிந்துகொண்டார்கள்.

முதல் சில வாரம் ஓடைப்பட்டியில் ஒரு திருவிழாக் களை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பசி இல்லாமல் காலையில் கண் விழிப்பது என்ன என்று அந்த ஊர் அதுவரை அறிந்ததில்லை. ஆண்கள் பாடிக்கொண்டே கல் உடைத்தார்கள். தண்ணளியார் அந்தப் பாட்டையும் முடிவுகளில் சேர்த்தார். பின்னர் பாட்டு குறைந்தது. சம்மட்டி ஓங்கியவர்கள் ஓங்கிய இடத்திலேயே உட்கார்ந்தார்கள். யாரும் முறையிடவில்லை. முறையிட ஏதும் வலிக்கவில்லை.

ஒரு பிற்பகல் செவந்தி நடந்தே தலைநகருக்கு வந்து, அரண்மனை வாசலில் கடலை வறுத்துக்கொண்டிருந்த அக்காவின் முன் நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை. நாச்சாயிக்கு முதலில் தங்கையை அடையாளம் தெரியவில்லை.

"என்னடி இது, எலும்பும் தோலுமா நிக்கிற? இந்தா, கடலை தின்னு."

"வேணாம்க்கா. பசிக்கல."

"பசிக்காட்டி என்ன? வாயில போடு."

"போட்டாலும் உள்ள எறங்கல. கல்லு மாதிரி நிக்குது. என்னைய விடு, இவனப் பாரு." குழந்தையை நீட்டினாள். அவன் கண் திறந்திருந்தது. தலை தோளில் தொங்கியது. "இவன் அழுது ஒம்பது நாளாச்சு."

"அழலேன்னா நல்லதுதான…"

"பசிச்சாத்தானக்கா அழுவான்? எம்பால்ல அந்தக் கஷாயம் எறங்குது. பால் குடிக்கவும் கேக்க மாட்டேங்கிறான். நானா வாய்க்குள்ள வச்சாலும் சும்மா கெடக்கான்."

நாச்சாயி அடுப்பை அணைத்தாள். "நீ அந்தக் கருமத்தக் குடிக்காத. விட்டுரு."

"விடப் போனேனே! எப்ப வேணா வெலகலாம்னுதான் வாசிச்சாக. வாசிச்ச ஆளுகிட்டயே வெலகுறேன்னேன். 'அப்பிடியா, வாங்குன வெத்தலையத் திருப்பிக் குடு'ங்கிறான். 'அதான் அன்னிக்கே மென்னு துப்பிட்டேனே சாமி'ன்னேன். 'அப்போ சம்மதம் இன்னும் உங்கிட்டதான் இருக்கு'ங்கிறான். வேற வெத்தல வாங்கியாந்து குடுத்தேன். அதே வெத்தல வேணுமாம், வாடாம வேணுமாம். குடிக்கலேன்னா காவக்காரன் வந்து மூக்கப் புடிச்சு ஊத்துறான்." செவந்தி சற்று மூச்சு வாங்கினாள். "அது மன்றத்துல போட்ட விதியாமே. ஆறு கையும் தூக்குனதாமே."

நாச்சாயிக்கு அது நினைவிருந்தது. அந்த விதி ஒரு மாலை நேரக் கூட்டத்தில், கடைசிப் பொருளாக வந்தது. சம்மதம் என்பது விளையாட்டல்ல என்று யாரோ சொன்னார்கள். அவள் கை தூக்கினாள்.

"ஆறாவது கை யாருதுக்கா?" என்று செவந்தி கேட்டாள். ஏசவில்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நாச்சாயி தோளிலிருந்த சால்வையை எடுத்துச் சுருட்டி, கடலைக்கூடைக்கு அடியில் திணித்தாள். அது முழுதாக மறையவில்லை.

மறுநாள் மன்றம் கூடியபோது முதல் பொருள், ஆய்வில் இறந்துபோனவர்களைப் பற்றியது. அவர்கள் வெற்றிலையைத் திருப்பாமலே விலகிவிட்டது முறைகேடா என்று ஓர் அறிஞர் ஐயம் எழுப்பினார். அவர்களைத் தாமாக விலகியவர்களாகக் கருதி, வெற்றிலையைத் திருப்புவதிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்று மெய்கண்டநாதர் பெருந்தன்மையோடு முன்மொழிந்தார். ஐந்து கைகள் உயர்ந்தன. ஒரு நொடி ஆயிற்று. இன்னும் பல நொடிகள் ஆயின.

"அம்மா?" என்றார் பூவராகர்.

"நான் தூக்கல."

"கை வலிக்கிறதா?"

"வலிக்கல சாமி. எந்தங்கச்சி மகன் சாகக் கெடக்கான். பால்ல கஷாயம் எறங்குது. கஷாயத்த நிறுத்தணும். அரிசியத் திருப்பிக் குடுக்கணும். அதுக்குக் கை தூக்கச் சொல்லுங்க, ரெண்டு கையும் தூக்குறேன்."

அறையில் இருந்தவர்கள் இருக்கை பேசுவதைக் கேட்டவர்கள் போல் விழித்தார்கள். மெய்கண்டநாதர்தான் முதலில் தெளிந்தார். "உங்கள் தங்கை ஆய்வில் இருக்கிறாரா? இதை ஏன் முன்பே சொல்லவில்லை? அப்படியானால் உங்களுக்கு இதில் அக்கறை இருக்கிறது. அக்கறை உள்ளவர் தீர்ப்பில் பங்கேற்கக் கூடாது என்பது நன்னெறியின் முதல் பாடம்."

"அக்கறை இல்லாதவுகதான் முடிவு பண்ணணுமா?"

"அதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம்."

அப்போது இளைய அறிஞர் ஒரு சட்டச் சிக்கலை எழுப்பினார். தவறான எண்ணம் ஏதும் அவருக்கு இல்லை. சட்டச் சிக்கல்களை எழுப்புவது அவர் இயல்பு. "ஐயா, சாமானியர் புரிந்துகொண்டு கை தூக்கினால்தான் தீர்மானம் செல்லும் என்று மன்றத்தின் அடிப்படை விதி சொல்கிறது. இந்த அம்மா இதுவரை எதையும் புரிந்துகொள்ளாமல் தூக்கியிருந்தால், நாம் போட்ட அத்தனை தீர்மானமும் செல்லாது. பசியாற்றி ஆய்வை இன்றே நிறுத்த வேண்டியிருக்கும்."

ஆய்வு நிலவரம் சொல்ல வந்திருந்த தண்ணளியாரின் முகம் வெளுத்தது. மெய்கண்டநாதர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, வாழ்நாளில் முதன்முறையாக, ஒரு சாமானியரிடம் பதில் தெரியாத கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"சொல்லுங்கள், அம்மா. அரிசியை நிறுத்தியபோது, வெற்றிலை விதி போட்டபோது, உங்களுக்குப் புரிந்ததா, புரியவில்லையா?"

நாச்சாயி குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். ஒரு சொல் போதும், கஷாயம் நின்றுவிடும் என்பதை அவள் கவனிக்கவில்லை. அவள் காதில் விழுந்தது கேள்வி மட்டும்தான். தங்கை முன்னால் தலை தூக்க முடியாமல் நின்ற நேரத்திலிருந்து அதே கேள்விதான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இனி ஒளிக்கக் கூடாது என்று முந்தின இரவே முடிவு செய்திருந்தாள்.

"புரிஞ்சுது" என்றாள். "புரிஞ்சுதான் தூக்குனேன். காபிக்கும் சால்வைக்கும் ஆசப்பட்டுத் தூக்குனேன். அதுக்குத்தான் வெக்கப்படுறேன் சாமி."

"நேர்மையான பதில்" என்றார் மெய்கண்டநாதர். அறை முழுவதும் மூச்சு விட்டது. "புரிந்தது என்று சாமானியர் உறுதிசெய்ததாகக் குறித்துக்கொள்ளுங்கள், பூவராகரே. தீர்மானங்கள் செல்லும். அத்துடன், விஷயம் புரிந்த ஒருவர் இனியும் சாமானியர் ஆகமாட்டார். அம்மாவின் தொண்டுக்கு மன்றம் நன்றி தெரிவிக்கிறது."

பூவராகர் அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். வழியில், "நல்ல மனசும்மா உங்களுக்கு" என்றார். கேலி இல்லை. வாசலில் நின்று, வருகிறவர் போகிறவர்களில் யாராவது கேள்வி கேட்காமல் திரும்புவார்களா என்று பார்த்துக் கைதட்டினார்.

செவந்தி வேப்பமர நிழலில் குழந்தையோடு காத்திருந்தாள். அக்கா சொன்னதையெல்லாம் கேட்டாள். கேட்டு முடித்து, குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"புரியலேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லக்கா?"

அந்தக் கணத்தில்தான் நாச்சாயிக்கு அது உறைத்தது. கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நீ எப்பவும் அப்பிடித்தான்" என்றாள் செவந்தி. "பொய் சொல்ல வேண்டிய நேரத்துல நெசத்தச் சொல்லுவ. நெசத்தச் சொல்ல வேண்டிய நேரத்துல காபி குடிப்ப."

இருவரும் ஓடைப்பட்டிக்குத் திரும்பினார்கள். நாச்சாயி ஆட்டுப்பாலில் துணியை நனைத்து, குழந்தையின் வாயில் ஒவ்வொரு சொட்டாகப் பிழிந்தாள். சில நாள் விழுங்கினான், சில நாள் வழியவிட்டான். காலையில் காவலர் வரும்போது செவந்தியைக் கல்லுக்குழியில் ஒளித்துவைத்தாள். சில நாள் ஒளிக்க முடிந்தது.

இதற்கிடையில் பசியாற்றி பெரும் வெற்றி என்று அரசு அறிவித்தது. ஆய்வுக்கு உட்பட்டவர்களில் உயிரோடிருந்த அனைவரும், பசிக்கிறதா என்ற கேள்விக்கு இல்லை என்றே சொல்லியிருந்தார்கள். கஷாயத்தை நாடு முழுவதற்கும் கொடுக்க மன்னர் விரும்பினார். ஆனால் மனிதரைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது என்பது சட்டம். இவ்வளவு பேரிடம் ஒவ்வொன்றுக்கும் வெற்றிலை நீட்டினால் கொடிக்கால்கள் தாங்காது.

மன்றம் பல நாள் ஆலோசித்து, அண்டை நாடுகளும் வியக்கும்படி ஒரு தீர்வைக் கண்டது. இனி ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டியதில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி மொத்தமாகக் கேட்டுவிடலாம். அந்த ஐந்தாண்டில் அறிஞர்கள் செய்வதற்கெல்லாம் அந்த ஒரு சம்மதமே செல்லும். வெற்றிலை இனி ஆகாது; வாங்கியவர்கள் திருப்பித் தருகிறேன் என்று வந்து நிற்கிறார்கள். அதற்குப் பதில் எளிதில் அழியாத சேங்கொட்டை மையால் விரலில் ஒரு புள்ளி. அதை யாராலும் திருப்பித் தர முடியாது. மக்களின் சுதந்திரம் குறைந்துவிட்டதாக எவரும் நினைத்துவிடக் கூடாதே என்று, தண்ணளியாரின் கஷாயத்துக்குப் போட்டியாக இன்னொரு பேராசிரியரின் கஷாயத்துக்கும் அனுமதி கொடுத்தார்கள். ஒன்று பச்சைப் பானை, ஒன்று மஞ்சள் பானை. யாருக்கு எது வேண்டுமோ அதன் முன் நின்று புள்ளி வைத்துக்கொள்ளலாம்.

நெடுங்கரை நாடு அப்படி ஓர் எழுச்சியைக் கண்டதில்லை. பச்சைக்காரர்களும் மஞ்சள்காரர்களும் தெருவுக்குத் தெரு வாக்குவாதம் செய்தார்கள். மஞ்சளில் தேன் சேர்கிறது என்றார்கள். பச்சையைக் காய்ச்சியவர் நம் வட்டாரத்துக்காரர் என்றார்கள். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. வெறும் சோறு கேட்டவர்கள் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு நாட்டு நடப்பு தெரியவில்லை என்று மற்றவர்கள் இரக்கப்பட்டார்கள்.

ஓடைப்பட்டியிலும் வரிசை நின்றது. செவந்தி குழந்தையோடு நின்றாள். நாச்சாயி ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள்.

"நீயாடி இங்க நிக்கிற?"

"நிக்காட்டி ரெண்டையும் ஊத்துவாகளாம்க்கா." செவந்தி நிமிர்ந்து பார்க்கவில்லை. "மஞ்சள் கொஞ்சம் தேவலன்னு சொல்றாக."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மன்றத்தம்மா ஏதோ சொல்லப்போகிறாள் என்று சிலர் காத்திருந்தார்கள். நாச்சாயி வாயைத் திறந்தாள். ஆறாவது கை யாருடையது என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் வாயை மூடிக்கொண்டு தங்கைக்குப் பின்னால் போய் நின்றாள்.

மை வைக்கும் அலுவலர் பொறுமையான மனிதர். செவந்தியின் விரலில் புள்ளி வைத்துவிட்டு, அவள் தோளில் கிடந்த குழந்தையை எட்டிப் பார்த்தார்.

"காலையிலிருந்து எத்தனை பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன், இப்படி ஒரு சமர்த்தை நான் பார்த்ததில்லை" என்றார். "இவ்வளவு நேரம் வெயிலில் நின்றும் ஒரு சத்தம் இல்லை பாருங்கள்."

செவந்தி சேலைத் தலைப்பைக் குழந்தையின் முகத்தின் மேல் இழுத்துவிட்டாள்.

"அடுத்து" என்றார் அலுவலர். நாச்சாயி கையை நீட்டினாள்.